ஒட்டுக்குக் கீழே முளைத்தது

1

இந்தக் கதை ஒரு சலூனில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பனி உலராத காலை வேளையில் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனதில் உதித்தது என்றெல்லாம் அளந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு பக்கமும் என் தம்பி மனைவியின் கைக்குப் போகிறது. அவள் இப்போது கீழே உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கதை அளக்க முடியாது. அளந்தால், "அண்ணி, நீங்க பனி காயறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்பாள்.

நான் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் மூக்கையும் காதையும் பார்த்துச் சட்டம் பொருத்தி, திருகாணி முடுக்கித் தருவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். கண்ணாடிக் கடைக்காரிக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய சட்டத்தைக் காதோரம் கொஞ்சம் இறுக்கமாகவே வளைத்து அனுப்புவேன்.

மாடியில் நான் இருக்கிறேன். கீழே தம்பி குடும்பம். வீட்டை ஒட்டி அவர்களுடைய நாற்றுப்பண்ணை. செடியை விற்பதும், வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவதும், வாங்க வந்தவரிடம் சிரித்துப் பேசுவதும் தம்பியின் வேலை. ஒட்டுக் கட்டுவது அவன் மனைவி. 'ஒட்டுக்காரி' என்பது நான் வைத்த பெயர். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதில்லை, பிடிக்காவிட்டால் சொல்லியிருப்பாள். பிடிக்காததைச் சொல்ல அவளுக்கு வாய் உண்டு. வேறொன்றைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

கதை என்னவென்பதையும் இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து வித்தை காட்டும் பொறுமை எனக்கு இல்லை. ஒட்டுக்காரி தன்னிடம் செடி வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முக்கியமாக, ஒரே ஒருவரிடம். சொல்வாளா, வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவாளா? அவ்வளவுதான். மற்றதெல்லாம் சுற்றுப்பாதை.

2

முதல் தொடக்கம்:

"இளஞ்சிவப்புப் பூக்கள் மரமெங்கும் பூத்துக் குலுங்கின. ஆனால் அவள் மனமோ—"

இதோடு நிறுத்திவிட்டேன். பூவும் மனமும் ஒரே வரியில் வந்தால் எனக்குத் தூக்கம் வரும். உங்களுக்கும் வரும்.

இரண்டாவது தொடக்கம்:

"தன்மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்கும் பொருட்டுத் தாவரங்கள் மேற்கொள்ளும் உத்திகளுள் பூவின் அமைப்பில் காணப்படும்—"

இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். ஏற்கெனவே துடைத்த ஸ்கூட்டர் அது.

மூன்றாவது தொடக்கம்:

"முடிதிருத்துபவர் ஒருவர் சோம்பேறியாக இருந்ததால் ஒரு மரம் காய்த்தது."

இது பரவாயில்லை. இதை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

3

ஒட்டுக் கட்டுவது என்றால் என்ன? (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். தாவியவர்கள் பின்னால் விழித்தால் நான் பொறுப்பில்லை.) விதை போட்டு முளைத்த ஒரு செடியின் தலையைச் சீவிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு நல்ல மரத்தின் குச்சியைச் செருகி, நாடா சுற்றிக் கட்டுவார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி. மண்ணிலிருந்து உறிஞ்சி அனுப்புவது அதன் பாடு. மேலே இருப்பது தாய்மரத்தின் குச்சி. பூப்பதும் காய்ப்பதும் அது. தாய்மரத்தின் பழம் எப்படியோ, ஒட்டு மரத்தின் பழமும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். சொல்லப்போனால் அது வேறு மரமே இல்லை. அதே மரம்தான், வேறு வீட்டில் குடியிருக்கிறது.

ஒட்டுக்காரியின் தாய்மரம் ஒரு பல் மருத்துவர் வீட்டுத் தோட்டத்தில் நின்றது. நட்சத்திரப் பழ மரம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாகத் துண்டு விழுமே, அந்தப் பழம். கிளை தாங்காமல் காய்க்கும். அப்படி ஓர் இனிப்பு. அதே தோட்டத்து மதிலோரம் இன்னொரு நட்சத்திரப் பழ மரமும் இருந்தது. அதன் பழத்தைக் கடித்தால் காது வரைக்கும் புளிக்கும். "இதைத் தின்னவங்க எல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்தாகணும்" என்று டாக்டர் சிரிப்பார். யாரும் தின்னாமல் அது கீழே விழுந்து அழுகும், குளவி மொய்க்கும்.

ஒட்டுக்காரி எதையும் வீணடிக்க மாட்டாள். புளிப்பு மரத்தடியில் கிடந்த பழங்களைப் பொறுக்கி, விதை எடுத்து, வேர்ச்செடிகள் முளைக்க வைத்தாள். அவற்றின் தலையில் இனிப்பு மரத்துக் குச்சியை ஒட்டினாள். ஒட்டு பிடித்தது. அக்கம்பக்கத்துத் தெருக்களில் அந்தச் செடிக்கு ஒரே கிராக்கி. பிறகு ஒருநாள் டாக்டரிடம் அவளே சொன்னாள்: "அந்தப் புளிப்பு மரம் எதுக்கு டாக்டர்? நல்ல மரத்துக்கு நிழல் அடிக்குது. எடுத்துடுங்க." டாக்டர் ஆள் வைத்து வெட்டிவிட்டார்.

செடி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு பாடம் நடத்துவாள். ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு கொஞ்சம் புடைத்திருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டுவாள்.

"இதுக்கு மேல வர்றதுதான் உங்க செடி. கீழ எது முளைச்சாலும் உடனே கிள்ளிடுங்க. அது புளிப்புக் கிளை. விட்டீங்கன்னா மேல போற சாரத்தையெல்லாம் அதுவே குடிச்சிடும்."

தொழிலில் இருக்கிற எவரும் இதைத்தான் சொல்வார்கள். அவள் சொன்னது தப்பே இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் சிக்குகிற இடம். தப்பான வேலை செய்து மாட்டிக்கொள்கிறவளைப் பற்றி எழுதுவது எளிது. இவள் சரியான வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்து மாட்டிக்கொண்டாள்.

4

மரங்கள் வளர்ந்தன. பூத்தன. தெருத்தெருவாக, வீட்டுக்கு வீடு, கிளையே தெரியாமல் பூத்தன. பூவெல்லாம் உதிர்ந்தது. ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை.

மறுபடி பூத்தது. மறுபடி உதிர்ந்தது.

வாங்கியவர்கள் பண்ணைக்கு வந்தார்கள். ஒட்டுக்காரி அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தாள். தண்ணி அதிகமாக ஊற்றினீர்கள் என்றாள். ஊற்றவே இல்லை என்றாள். வெயில் போதாது, உரம் ஜாஸ்தி, மருந்து அடித்துத் தேனீயை விரட்டிவிட்டீர்கள் என்றாள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வளர்க்கத் தெரியாத குற்றத்தை யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

(இதற்கிடையில் டாக்டர் வீட்டுத் தாய்மரமும் காய்ப்பதை நிறுத்திவிட்டது. "வயசாயிடுச்சு போல" என்றார் டாக்டர். புளிப்பு மரம் போனதற்கும் இதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. நீங்கள் இந்நேரம் போட்டிருப்பீர்கள். உங்களுக்கென்ன, நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.)

குற்றம் எதையும் ஒப்புக்கொள்ள முடியாமல் ஒருவர் மட்டும் நின்றார். நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக மூன்று செடி வாங்கியவர். தண்ணீரும் உரமும் மருந்துச் சீட்டில் எழுதியபடி கொடுக்கிற மாதிரி கொடுப்பார். டியூட்டிக்குக் கிளம்பும் முன் மூன்று மரத்தடியிலும் குனிந்து, ஒட்டுக்குக் கீழே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, முளைத்திருந்தால் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எறிவார்.

"நீ சொன்னது எல்லாத்தையும் செஞ்சுட்டேம்மா. நான் என்னதான் தப்பு பண்றேன்?" என்று கேட்டார்.

ஒட்டுக்காரிக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அவளுக்கு வராது.

"சில பேர் கைக்கு வராதுக்கா," என்றாள். "விட்டுடுங்க."

மறுவாரம் நர்ஸம்மா ஓர் ஆட்டோவில் தன் பூந்தொட்டிகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கு வந்தார். நன்றாக வளர்ந்த செடிகள். "நீயே வச்சுக்கோம்மா. என் கையில எதுக்குச் சாகணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தம்பி அவற்றை வாங்கி வரிசையாக அடுக்கினான். நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு தொட்டியில்கூடக் களை இல்லை.

5

இப்போது ஓரமாக வைத்த அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முடிதிருத்துபவர் ஒருவர் சோம்பேறியாக இருந்ததால் ஒரு மரம் காய்த்தது. தம்பி முடிவெட்டப் போன இடத்தில் சலூன்காரர் ஒரு பை நிறைய நட்சத்திரப் பழம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்தவன் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். ஒட்டுக்காரி ஒரு பழத்தை எடுத்தாள், வெட்டினாள், வாயில் போட்டாள். மென்றவள் அப்படியே நின்றாள். அது அவளுடைய மரம். அந்த இனிப்பு அவளுக்குத் தெரியும்.

குளியலறைக் கதவைத் தட்டி, "எங்க வாங்கினீங்க?" என்றாள்.

"சலூன்ல!"

"சலூன்ல எப்படிங்க பழம் விப்பாங்க?"

"விக்கலடி, சும்மா கொடுத்தாரு. நம்மகிட்ட வாங்கின செடிதான்!"

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சலூனுக்குப் பின்னால், துண்டு காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் மரம். இலையைவிடக் காய் அதிகமாகத் தெரிந்தது என்று பிறகு சொன்னாள். அவள் காயைப் பார்க்கவில்லை. குனிந்து அடிமரத்தைப் பார்த்தாள். ஒட்டுப் புடைப்புக்குக் கீழேயிருந்து, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை கிளம்பி, மேலே போய், இனிப்புக் கிளைகளோடு பின்னிக்கிடந்தது.

"கீழ முளைச்சதைக் கிள்ளச் சொன்னேனே அண்ணே?"

"சொன்னீங்க தங்கச்சி. ஞாபகம் இருக்கு," என்றார் சலூன்காரர். "நாள் முழுக்க ஊர்க்காரன் தலையில கத்தரியைப் போட்டுட்டே இருக்கேன். சாயந்திரமாவது கையைக் கட்டிட்டு நிக்கலாம்னு பார்த்தேன். அதுவும் ஒரு உயிர், வளர்ந்துட்டுப் போகட்டுமே."

"அந்தக் கிளையில பழம் எப்படி?"

"அதையா கேக்குறீங்க! வாயில வச்சா ஒத்தைக் கண்ணு மூடிக்கும். கடைக்கு வர்றவங்களுக்கு முதல்ல அதைக் கொடுத்துட்டு, அப்புறம் இந்தப் பக்கத்துப் பழத்தைக் கொடுப்பேன். முடியைக் கோணலா வெட்டினாக்கூடச் சிரிச்சுட்டே போறாங்க."

மரத்தில் காயோடு காயாகப் பூவும் இருந்தது. ஒட்டுக்காரி இனிப்புக் கிளையில் ஒரு கொத்து, புளிப்புக் கிளையில் ஒரு கொத்து கிள்ளி, கலந்துவிடாமல் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். நேராக மாடிப்படி ஏறினாள். அவள் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்தும் நானும் அவளும் அப்படித்தான். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அவள் ஆரம்பிக்கவே மாட்டாள்.

"அண்ணி, உங்க கடை பூதக்கண்ணாடி இருக்கா?"

6

இரண்டாவது தொடக்கத்தைப் பார்த்து ஓடிப்போனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இது அந்தப் பகுதிதான். ஆனால் நான் ஸ்கூட்டரையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டேன்.

பூ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒட்டுக்காரி தன் ஒட்டுக்கத்தியால் இரண்டு பூக்களை நெடுக்காகப் பிளந்து என் மேசைமேல் வைத்தாள். நான் கண்ணாடியைப் பிடித்தேன். இனிப்பு மரத்துப் பூவில் நடுவே நிற்கிற சூல்தண்டு, மகரந்தத்தை வாங்கிக்கொள்கிற பெண் பாகம், நெட்டையாக வெளியே தலை நீட்டியிருந்தது. மகரந்தம் தாங்குகிற இழைகள் குட்டையாக உள்ளே பதுங்கியிருந்தன. புளிப்பு மரத்துப் பூவில் எல்லாம் தலைகீழ். இழைகள் நெட்டை, தண்டு குட்டை.

"ரெண்டும் ஒரே பூன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

பார்த்தது அவள். பிறகு தேடிப் படித்தது நான். சில செடியினங்களில் இப்படி இரண்டு வகைப் பூ உண்டு. ஒரு மரத்தில் ஒரு வகைதான் பூக்கும்.* தேனீ ஒரு பூவுக்குள் தலையை விடும்போது நெட்டை இழையின் மகரந்தம் அதன் உடம்பில் ஓரிடத்தில் ஒட்டும், குட்டை இழையின் மகரந்தம் இன்னோரிடத்தில். அது அடுத்த மரத்துக்குப் போகும்போது, நெட்டை இழையில் வாங்கியது நெட்டைத் தண்டில் சரியாகப் போய் உரசும். குட்டையில் வாங்கியது குட்டையில். நெட்டைத் தண்டு இருப்பதோ எதிர் வகைப் பூவில். தன் மகரந்தமே தன்மேல் தவறி விழுந்தாலும் பூ அதை ஏற்காது. தன் வகைப் பூவின் மகரந்தத்தையும் ஏற்காது. தன்னைப் போலவே இருக்கிற யாரிடமிருந்தும் அதற்கு எதுவும் வேண்டாம். தன்னிடம் எது குட்டையோ அது நெட்டையாக இருக்கிற இன்னொன்று வேண்டும்.

* நட்சத்திரப் பழத்தில் தனியாகவே காய்க்கிற ரகங்களும் உண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு மரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். டாக்டர் வீட்டு மரம் அந்த ரகம் இல்லை, அவ்வளவுதான்.

நான் படித்துச் சொல்லி முடித்தபோது ஒட்டுக்காரி கத்தியை மடக்கினாள்.

"அப்ப நான் இத்தனை வீட்டுல வச்சது ஒரே மரம்."

"ஆமா."

"டாக்டர் வீட்டுல இருந்த இன்னொண்ணை வெட்டச் சொன்னதும் நான்."

"உனக்கெப்படிம்மா தெரியும்—"

"கீழ அதுவா முளைச்சு வந்தப்ப கிள்ளச் சொன்னதும் நான்." மேசையில் கிடந்த பூக்களை ஒதுக்கிக்கொண்டே, "நர்ஸம்மா தினமும் கிள்ளினாங்க," என்றாள்.

7

சரிசெய்வது கடினமில்லை. சலூன்காரரின் புளிப்புக் கிளையிலிருந்து குச்சி வெட்டி, ஒவ்வொரு வீட்டு மரத்திலும் ஒரு கிளையில் ஒட்டிவிட்டால் போதும். அது பூக்க ஆரம்பித்ததும் மரம் தன் வீட்டுக்குள்ளேயே வேண்டியதைத் தேடிக்கொள்ளும்.

சொல்வதுதான் கடினம். தம்பி அதற்கும் வழி வைத்திருந்தான்.

"எதுக்குச் சொல்லணும்? இலவசமா மரத்தைப் பார்த்துத் தர்றோம்னு போ. கிளை கழிக்கிற மாதிரி கழிச்சிட்டு, ஒரு குச்சியைச் செருகிட்டு வந்துடு. காய்ச்சா நம்ம கைராசின்னு நினைச்சுப்பாங்க."

"டேய்," என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. உனக்குக் கதை. எங்களுக்குச் சோறு. எல்லாரும் எங்க செடியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாளைக்கு யாரு இந்தப் பக்கம் வருவாங்க?"

அவன் கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவனாக அவனை ஆக்கிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்தேன், சரிப்படவில்லை. அவன் சொன்னது நடக்கவும் கூடும். ஒட்டுக்காரி நாடா சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எழுத ஆரம்பித்தேன். எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம் இது. வீட்டில் யாருக்காவது தலை போகிற பிரச்சினை என்றால் பேனாவைத் தேடுவோம். முதல் பிரதியைப் படித்த ஒட்டுக்காரி, விரலை வைத்து வைத்து நிறுத்தினாள்.

"நர்ஸம்மா வீட்டுக்காரர் நல்லா நடமாடிட்டு இருக்காரு. அவரை ஏன் படுக்கையில போட்டீங்க?"

(இரக்கம் வருவதற்காக. ஜன்னல் வழியாக அவர் பழத்தைப் பார்க்க ஏங்குவதாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

"அவங்களுக்குப் பிள்ளை இல்லன்னு வேற எழுதியிருக்கீங்க. மூணு இருக்கு. மூணும் வாலு."

(காய்க்காத மரம், பிள்ளையில்லாத பெண். கை தானாக எழுதிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

"சலூன்காரர் இப்படியா பேசுவாரு? இதுல எல்லாரும் உங்களை மாதிரியே பேசுறாங்க அண்ணி. நானும்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருடங்களாக நான் எழுதிய கதைகள் எல்லாம் நன்றாகப் பூத்தவைதான், அதை நானே சொல்லிக்கொள்வேன். படித்தவர்கள் 'அழகாக இருக்கிறது' என்பார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஏன் என்று இப்போது தெரிந்தது. என் கதையில் வருகிற அத்தனை பேரும் என் குச்சிகள். வேறு மாதிரி ஏதாவது கீழேயிருந்து முளைத்தால் நானே குனிந்து கிள்ளியிருக்கிறேன்.

பென்சிலை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். அடுத்த பகுதி அவளுடையது. ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை.

8

எனக்கு எழுத வராது. அண்ணி விட மாட்டாங்க.

அண்ணி நான் அழுத மாதிரி எழுதியிருந்தாங்க. நான் அழல. பூவைப் பார்த்துட்டுக் கீழ போய்க் கத்தியைத் தீட்டினேன். நல்லாத்தான் இருந்துச்சு கத்தி. சும்மா தீட்டினேன்.

நர்ஸம்மாகிட்ட கைக்கு வராதுன்னு சொன்னேன். அது பொய்னு சொல்லும்போதே தெரியும். செடிக்குக் கை எல்லாம் தெரியாது. எனக்குத் தெரியலன்னு சொல்லியிருக்கலாம். ஒட்டுல எனக்குத் தெரியாதது இருக்குன்னு அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அதான் அவங்க மேல தூக்கிப் போட்டேன். அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அவங்க தொட்டியெல்லாம் இன்னும் இங்கதான் இருக்கு. நான் விக்கல. தினமும் தண்ணி ஊத்துறேன்.

எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி சும்மா ஒட்டிட்டு வந்துடலாம். மரம் காய்ச்சிடும். ஆனா மரம் அப்ப காய்க்கும். அவங்க கை அப்பவும் ராசியில்லாத கைதான். நான் தொட்டதால காய்ச்சுதுன்னு வேற நினைப்பாங்க. அது இன்னும் மோசம்.

நாளைக்குக் குச்சி வெட்டுறேன். முதல்ல நர்ஸம்மா வீடு. சொல்லுவேனான்னு தெரியல. வாசல் வரைக்கும் ஏற்கெனவே ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அது அண்ணிக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருக்கும்.

அண்ணிக்கு ஒண்ணு சொல்றேன். நான் சொல்லிட்டு வந்தா இதைப் பத்திரிகைக்கு அனுப்புங்க. வாங்கினவங்க எல்லாரும் படிக்கட்டும். சொல்லாம வந்தா முழுசையும் என்கிட்ட கொடுத்துடுங்க. அடுப்புல போட்டுடுறேன். நர்ஸம்மா காதுல முதல்ல என் வாயாலதான் விழணும். புத்தகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது.

அவ்வளவுதான்.

9

கடையிலிருந்து திரும்பி வந்து அவள் எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளைப் பற்றியே எழுதிக்கொண்டு, அது எனக்குத் தெரியவில்லை.

பிறகு பழக்க தோஷம், முடிவுகள் எழுத ஆரம்பித்தேன்.

முதல் முடிவு: நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். "போனது போகட்டும்மா, உட்காரு, காபி போடறேன்" என்கிறார். மூன்று பிள்ளைகளும் மரத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். மாலை வெயில் பொன்னிறமாக—

இரண்டாவது முடிவு: நர்ஸம்மா கேட்டுக்குள் நின்றபடியே கேட்கிறார். எதுவும் பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒட்டுக்காரி குச்சிக் கட்டோடு தெருவில் நிற்கிறாள். தூரத்தில் ஏதோ ஒரு—

இன்று காலை ஒட்டுக்காரி கிளம்பும்போது இரண்டையும் படித்துக் காட்டினேன். ஈரத்துணியில் சுற்றிய குச்சிக் கட்டை ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, ஹெல்மெட் வாரை மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் நீங்கதான் அண்ணி," என்றாள். "நர்ஸம்மா இல்ல."

"அப்ப அவங்க என்ன சொல்லுவாங்க?"

"தெரியலயே."

'தெரியல' என்று அவள் வாயிலிருந்து வந்தது. அதுவும் சாதாரணமாக, மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கவனிக்கவில்லை. தம்பி பின்னாலிருந்து ஓடிவந்து, நர்ஸம்மாவின் தொட்டிகளில் ஒன்றைக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினான். "இதையாவது கொண்டுபோய்க் கொடு. பேச்சை ஆரம்பிக்கச் சுலபமா இருக்கும்" என்றான். சொன்னேனே, அவன் கெட்டவன் இல்லை.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"வேணாம் அண்ணி. நீங்க வந்தா நீங்களே பேசிடுவீங்க."

10

நர்ஸம்மாவை என் வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்; இரண்டும் மாடியிலிருந்து. அவர் என்ன சொல்வார் என்று எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. எழுதினால் அது மறுபடியும் என் குச்சியாகத்தான் இருக்கும். ஆகவே அந்த இடத்தை வெட்டித் திறந்து, அப்படியே விட்டுவைக்கிறேன். வேறு மாதிரி ஆள் நீங்கள். செருகிக்கொள்ளுங்கள். நீங்களே அந்த மரத்தை வாங்கியவராக இருந்தால் செருகவும் வேண்டாம், உங்கள் வாசலில் ஸ்கூட்டர் ஏற்கெனவே வந்து நின்றிருக்கும்.

நான் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒட்டு என்றால் அவளுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. போய் வெகுநேரமாகிறது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. தம்பி கீழே வாசலுக்கும் பம்புசெட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்காக அல்ல. கதை அடுப்பில் போனால் போகட்டும், இன்னொன்று எழுதிக்கொள்வேன். அவள் மூன்றாவது தடவையும் வாசலிலிருந்து திரும்பிவிடக் கூடாது.

கேட் திறக்கிறது. ஸ்கூட்டர் சத்தம். தம்பி என்னவோ கேட்கிறான். படியேறி வருகிறாள். இந்தப் பக்கங்களை அடுக்கி, மேலே பென்சிலை வைக்கிறேன். அவள் வந்து கையை நீட்டினால் அடுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் பேச்சு.

இந்த நிமிடம் எனக்குத் தெரியாது. இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்குத் தெரியும்.